சாவி யார் கையில்?

ஊர்ச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் ஓயாத வழக்கொன்று உண்டு. "மதம் என்ற ஒன்று இல்லாவிட்டால் மனிதன் மிருகமாகிவிடுவான். தானமும் தருமமும் இன்னும் பிழைத்திருப்பது அதனால்தான்" என்பார் ஒருவர். "மதம் புகுந்ததால்தான் மனிதனை மனிதன் தீண்டாதே என்று தள்ளினான். தீமைக்கெல்லாம் வேர் அதுவே" என்பார் மற்றொருவர். இருவரும் உரத்துப் பேசுவர். இருவருக்கும் கைதட்டுவோர் உண்டு. கூட்டம் கலையும்போது, வந்தபோது என்ன கருத்தோடு வந்தார்களோ அதே கருத்தோடுதான் அவரவர் வீடு திரும்புவர்.

இந்த வழக்கை மேடையிலிருந்து இறக்கி மண்ணில் வைத்து விசாரிக்க வேண்டும் என்பது நம் விருப்பம். அதற்கேற்ற மண் அருப்புக்கோட்டை - திருச்சுழி வட்டாரம். வானம் பார்த்த பூமி அது. கண்மாய் பெருகினால் கஞ்சி. பெருகாவிட்டால் மூட்டை முடிச்சோடு வெளியூர். கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், ஊருக்குள் தறியோசை. திருமேனிநாதர் கோயில் கொண்ட திருச்சுழி அங்கேதான் இருக்கிறது. 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் நாள் ரமணர் பிறந்த ஊரும் அதுவே. புரோகிதர் இல்லாமல் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பதிவாகியிருக்கும் மணவிழாவைக் கண்ட சுக்கிலநத்தம் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குண்டாற்றின் போக்கிலே போனால் கமுதி. ஆத்திகமும் நாத்திகமும் இப்படி அண்டை வீட்டாராக வாழும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. நன்மைக்கும் தீமைக்கும் மதமே பொறுப்பா என்ற கேள்விக்கு இந்த மண் என்ன சாட்சி சொல்கிறது? கேட்போம்.

அரசர் ஒருவர், ஆண்டு ஒன்று

1897-ம் ஆண்டு ஜனவரித் திங்கள். மேல்நாட்டில் புகழ் பெற்றுத் திரும்பிய விவேகானந்தர் பாம்பன் கரையில் வந்திறங்கினார். எதிர்கொண்டு வரவேற்றவர் இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி. 1893-ம் ஆண்டு சிகாகோ சர்வமத மகாசபைக்கு விவேகானந்தர் போய்ச் சேர ஊக்கமும் உதவியும் அளித்தவர்களில் அவர் முக்கியமானவர். இராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். ஏழையிடத்தும் எளியவனிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பதே மெய்யான சிவபூசை என்பது அன்று அவர் சொன்னதன் சாரம். அரசர் உள்ளம் நெகிழ்ந்தார். ஏழைகளுக்கு உணவும் உடையும் வாரி வழங்கினார். மதத்தின் நன்மைக்குச் சான்று தேடுவோர் இந்தக் காட்சியைத் தாராளமாகக் காட்டலாம். மறுக்க மாட்டோம்.

நான்கு மாதங்கூட ஆகவில்லை. அதே ஆண்டு மே 14-ம் நாள், அதே அரசரின் ஆளுகைக்குட்பட்ட கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் வகுப்பினர் சிலர் சென்றனர்; தாங்களே வழிபாடு நடத்தினர். களவாடச் செல்லவில்லை, கலகம் செய்யச் செல்லவில்லை, கும்பிடச் சென்றார்கள். உடனே எழுந்தது கூக்குரல். கோயில் தீட்டுப்பட்டுவிட்டதாம்! நாடார்கள் இனி உள்ளே வரக்கூடாது என்று தடை வேண்டும், தீட்டுக் கழிக்கப் பணம் வேண்டும் என்று நீதிமன்றம் ஏறினார் கோயில் அறங்காவலர். யார் அந்த அறங்காவலர்? அதே பாஸ்கர சேதுபதி!

ஜனவரியில் ஏழையிடம் சிவனைக் காணச் சொன்ன உரை கேட்டு உருகியவர், மே மாதத்தில் சிவனைக் காண வந்தவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். மதம் மாறவில்லை, மன்னரும் மாறவில்லை, ஆண்டுகூட மாறவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்ட கைதான் கும்பிட வந்தவனுக்குக் கதவடைத்தது. இதில் எதை மதத்தின் கணக்கில் எழுதுவது, எதைத் தள்ளுவது?

இதற்கு விடை இருக்கிறது. சோறு போடுவதால் அரசர் இழப்பது பணம் மட்டுமே; அதனால் அவருடைய பெருமை கூடுகிறது. கதவைத் திறந்தாலோ படிநிலை குலைகிறது. யார் முதலில், யார் பின்னால், யார் வெளியே என்று வரிசை வைக்கும் அதிகாரம் கை நழுவுகிறது. அன்னதானம் செய்யும்போது கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. சந்நிதியிலே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். மதத்தின் பெயரால் நடக்கும் நன்மை பெரும்பாலும் எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கமுதி காட்டிவிட்டது.

இலண்டன் போட்ட பூட்டு

வழக்கு நடந்தது. 1899-ம் ஆண்டு மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1901-ம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விடவில்லை நாடார்கள். கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். 1908-ம் ஆண்டு அங்கும் தோல்வியே.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். இலண்டனில் இருந்த ஆங்கிலேய நீதிபதிகளுக்குச் சிவாகமத்தோடு என்ன உறவு? கமுதிச் சந்நிதியில் தீபம் யார் காட்டினால் அவர்களுக்கு என்ன? அவர்கள் பார்த்தது வழக்கம் என்ற ஒன்றைத்தான். நெடுங்காலமாக இவர்கள் உள்ளே விடப்படவில்லை, ஆகவே இனியும் விடப்பட வேண்டியதில்லை என்பதே சாரம். பூட்டைச் செய்தது ஒரு மதத்தின் ஆசாரம். முத்திரை குத்தியது வேறு மதத்தைச் சேர்ந்த ஆட்சியின் நீதிமன்றம். அநீதி நடக்க மதம் மட்டும் போதவில்லை. அரசும் சட்டமும் அதற்குத் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1899 ஜூன் 6-ம் நாள், சிவகாசி தாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து நாடார் வீடுகளுக்குத் தீ வைத்தனர். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சுற்றுப்புறக் கிராமங்களிலும் கொள்ளை பரவியது. விசுவநாதர் கோயில் நுழைவுத் தகராறே அதற்கு உடனடிக் காரணம். ஆனால் அது ஒன்றுதானா காரணம்? பருத்தியிலும் புகையிலையிலும் பிற வாணிபத்திலும் நாடார்கள் முன்னேறியிருந்தார்கள். நேற்றுவரை கீழே இருந்தவன் இன்று கடை வைக்கிறான், கடன் கொடுக்கிறான், மாடி வீடு கட்டுகிறான் என்ற எரிச்சல் பலருக்கு. காவல் உரிமையை வெள்ளையர் ஆட்சியில் இழந்தவர்களுக்கோ பிழைப்புக்கு வழி குறைந்த ஆத்திரம். நெல்லும் பருத்தியும் கடனும் வட்டியும் மூட்டிய நெருப்புக்குக் கோயில் கதவு கொள்ளிக்கட்டையாக நீட்டப்பட்டது. "மதக் கலவரம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், எரிந்ததற்கான காரணம் பாதிக்குமேல் மறைந்துபோகும்.

கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கமுதி வழக்கில் நாடார் தரப்பின் வாதம் என்ன? "யாரையும் வெளியே நிறுத்தக்கூடாது" என்பதா? அன்று. "நாங்கள் சத்திரியர், எங்களைத் தாழ்ந்தோர் வரிசையில் வைத்தது பிழை" என்பதே வாதம். எல்லோருக்கும் கதவைத் திற என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் திற என்றே கேட்டார்கள். அவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய நீதிமன்றத்தில் அந்த மொழிதான் செல்லுபடியாகும் மொழி. ஆனால் அடிபட்டவனையும் அடித்தவனின் அளவுகோலாலேயே தன்னை அளந்து கொள்ளச் செய்தது எது? சாதி என்னும் ஏணி. அந்த ஏணிக்குப் புனிதப் பூச்சுப் பூசிக் கொடுத்தது மதம்.

பிடி அரிசி கட்டிய பள்ளி

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே மக்கள், அதே காலம்.

சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை — இவற்றை இராமநாதபுரத்து ஆறு ஊர்கள் என்பார்கள். இந்த ஊர்களில் வாணிபம் செய்த நாடார்கள் உறவின்முறை என்ற அமைப்பைக் கட்டினார்கள். கடைக்கு வரும் சரக்கில், போகும் சரக்கில், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். வழியில் கள்வர் பயம் இருந்த காலத்தில் சரக்கு இறக்கிப் பாதுகாப்பாகத் தங்கும் பேட்டைகளுக்கு அந்தப் பணம் போயிற்று. பிறகு அம்மன் கோயிலுக்கும் திருவிழாவுக்கும் போயிற்று. அதற்குப் பிறகு கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் விருதுநகரில் எழுந்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி கொடுத்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. வாரம் போனால் பள்ளிக்காரர் வந்து வாங்கிப் போவார். அந்தப் பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியில் படித்தவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1956-ம் ஆண்டு, பள்ளியிலே பிள்ளைகளுக்கு மதிய உணவு என்ற திட்டம் தமிழ்நாட்டில் விரிந்தது.

அருப்புக்கோட்டையில் சைவ பானு சத்திரிய என்ற பெயர் தாங்கிய பள்ளிகளையும் கல்லூரியையும் இன்றும் காணலாம். பெயரைக் கவனியுங்கள். சைவம் என்ற மதமும் சத்திரியர் என்ற சாதிப் பெருமையும் பலகையில் அப்படியே இருக்கின்றன. உள்ளே கற்பிக்கப்படுவது கணக்கும் அறிவியலும். மதத்தின் பெயரால் நன்மையே நடக்காது என்று பேசும் தோழர்கள் அந்த வாசலில் ஒரு நாழிகை நின்று பார்க்கட்டும்.

ஆயினும் இந்த நன்மை எதனால் விளைந்தது? பக்தியால் என்று மட்டும் சொன்னால் போதாது. பக்தி மிகுந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. உண்டியல் நிறைந்தும் பள்ளி எழாத ஊர்கள் அவற்றில் எத்தனை! மகமை பள்ளியானதற்குக் காரணம், அந்தப் பணத்துக்குக் கணக்கு இருந்தது; கணக்குக் கேட்க ஆள் இருந்தது. கொடுத்தவன் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். "என் மூட்டைக்கு வாங்கிய காசு எங்கே போயிற்று?" என்று கேட்க அவனுக்கு வாய் இருந்தது. சாமி பெயரால் வசூலித்தாலும் மனிதனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் கோபுரத்தோடு நின்றுவிடாமல் கரும்பலகை வரை போயிற்று அந்தப் பணம்.

ஐயர் போனார், சாதி?

"மதமே வேண்டாம் என்று தள்ளிவிட்டால் தீமை ஒழியுமே!" என்பார்கள் பகுத்தறிவுத் தோழர்கள். அதையும் இந்த மண் சோதித்துப் பார்த்திருக்கிறது.

1928 மே 28-ம் நாள் சுக்கிலநத்தத்தில், பெரியார் முன்னிலையில், புரோகிதர் இல்லை, வடமொழி மந்திரம் இல்லை, ஓமப்புகை இல்லை என்று ஒரு மணவிழா நடந்தது. தந்தி பறக்கும் நகரத்தில் நடந்ததன்று இது. கரிசல்காட்டுக் கிராமத்தில் நடந்தது. ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தை உதறிய அந்தக் குடும்பத்தாரின் துணிவு சாதாரணமானதன்று. அடுத்த ஆண்டு, 1929-ம் ஆண்டு, செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் — கமுதிக் கோயில் யாரைத் தள்ளியதோ அதே வகுப்பைச் சேர்ந்தவர்.

அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. சடங்கு இல்லாத மணம் செல்லாது என்று 1953-ம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது ஆண்டு போராட்டத்துக்குப் பின், அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ம் ஆண்டு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த மணங்களும் செல்லும் என்றது அது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவின் வலிமையை மீண்டும் உறுதிப்படுத்தியது. எத்தனை குடும்பங்களின் மானமும் பிள்ளைகளின் சொத்துரிமையும் அதனால் காக்கப்பட்டன! சடங்கிலிருந்து விலகும் உரிமை மனிதனுக்கு வேண்டும் என்பதை உணர்த்திய பெருமை சுக்கிலநத்தத்துக்கு உண்டு.

ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவோம். மேடை போட்டு, தலைவர் வைத்து, மாலை மாற்றிக் கொண்ட திருமணங்களிலும் எத்தனை சொந்தச் சாதிக்குள்ளேயே நடந்தன? ஐயர் போனார், சாதி போயிற்றா? மந்திரத்தை விலக்கியது கடினமாக இருந்தது. மாமன் மகளை, அத்தை மகனை, அதுவும் இல்லாவிட்டால் நம்மவர்களை என்ற வட்டத்தைத் தாண்டியது அதைவிடக் கடினமாக இருந்தது.

1957 செப்டம்பரில் முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சமாதானக் கூட்டம் முடிந்த மறுநாள், செப்டம்பர் 11-ம் நாள், பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தொடர்ந்து கொலைகளும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. எந்த வேதத்தில் எழுதியிருந்தது அந்தப் பகை? தேர்தலும், யார் யாருக்கு எழுந்து நிற்பது என்ற ஆணவமும், அடங்க மறுத்தவன் மேல் ஆத்திரமுமே அங்கே பேசின. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்ற இளைஞர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டாரே, அவர் மணந்தது வேறு மதப் பெண்ணையா? இல்லை, வேறு சாதிப் பெண்ணை. அரிவாளை ஓங்கியவன் எந்த ஆகமத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை.

மதம் மாறினாலும் இதே கதைதான். 1847-ம் ஆண்டு அமெரிக்கன் மதுரை மிஷனார், தங்களிடம் வேலை பார்த்த உபதேசியார்கள் சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்றார்கள். ஏசுவை ஏற்றவர்களில் பலர் அந்த இலையை ஏற்கவில்லை. பந்தியை விட்டார்கள், வேலையையும் விட்டார்கள். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே இரு பிரிவாகக் கட்டி, இரு சாதியாரை இரு புறம் நிறுத்தி நடுவே தடுப்பு வைத்தார்கள். 1910-ம் ஆண்டில்தான் அது இடிக்கப்பட்டது. சமத்துவம் பேசிய மதத்துக்குள் சாதி சுவர் எழுப்பிக்கொண்டது.

உலகம் சொல்வதும் இதுவே. அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணை முதலாளி அடிமை முறைக்கு விவிலியத்தில் ஆதாரம் காட்டினான். இங்கிலாந்தில் வில்பர்போர்சு அதே விவிலியத்தைக் கையில் ஏந்தி அடிமை வாணிபத்தை எதிர்த்தார். மதத்தை ஒடுக்கிய சோவியத் நாட்டிலோ, 1930-களில், கடவுள் பெயரைச் சொல்லாமலேயே இலட்சக்கணக்கானோர் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பப்பட்டனர். கோயில் இருந்தாலும் கொடுமை நடக்கும். கோயிலை மூடினாலும் கொடுமை நடக்கும்.

மதத்துக்கு விடுதலையா?

"அப்படியானால் மதம் நிரபராதி என்று தீர்ப்பெழுதிவிட்டீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. அத்தனை எளிதாக விடமாட்டோம்.

சாதியும் பேராசையும் பதவி வெறியும் மதம் இல்லாமலே தீமை செய்யும். ஆனால் அந்தத் தீமைக்குப் புனிதம் என்ற பெயர் சூட்டும் ஆற்றல் மதத்துக்கே அதிகம் உண்டு. திருட்டைத் திருட்டென்று சொன்னால் திருடன் கூசுவான். அதையே ஐதீகம் என்று சொல்லிவிட்டால் கூச்சம் போய்விடுகிறது. கமுதியில் "உன்னை உள்ளே விட எனக்கு விருப்பமில்லை" என்று யாரும் சொல்லவில்லை. "சாமி தீட்டுப்படும்" என்றார்கள். தன் வெறுப்பைச் சாமியின் தலையில் வைத்தார்கள். அதைவிடக் கொடுமை, வெளியே நின்றவர்களில் பலரும் "நம் தலைவிதி" என்று நம்பியது. கதவுக்குப் போட்ட பூட்டை உடைக்கலாம். மனத்துக்குப் போட்ட பூட்டை உடைக்கத் தலைமுறைகள் வேண்டும். மதத்தின் மீது நம் குற்றச்சாட்டு இதுதான். இதிலிருந்து அது தப்ப முடியாது.

நன்மைக்கும் அதுபோலவே அது வலிமை கூட்டுகிறது என்பதையும் ஒப்புக்கொள்வோம். 1939 ஜூலை 8-ம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரையும் நாடாரையும் அழைத்துச் சென்ற வைத்தியநாதய்யர் நாத்திகர் அல்லர், ஆழ்ந்த பக்தர். அன்று அவரோடு நுழைந்தவர்களில் ஒருவரான கக்கன் பின்னாளில் அமைச்சரானார். வைத்தியநாதய்யரைச் சாதி விலக்கம் செய்தோரும் பக்தர்களே. 1924-ம் ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்ற பெரியாருக்கோ அந்தக் கோயிலில் கும்பிட ஒன்றுமில்லை. பக்தரும் பகுத்தறிவாளரும் ஒரே பக்கம் நின்றார்கள். பக்தரே பக்தருக்கு எதிராகவும் நின்றார்கள். ஆகவே ஒருவனை அளக்கும்போது அவன் கும்பிடுகிறானா என்று கேட்டுப் பயனில்லை. கதவின் எந்தப் பக்கம் நிற்கிறான், சாவியை யாருக்காகத் திருப்புகிறான் என்று கேட்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது

இது பழங்கதை அன்று. கோயில் நுழைவு உரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தீண்டாமை ஒழிந்தது என்று அரசமைப்பின் 17-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தாழ்த்தப்பட்டோர் நுழைவதைத் தடுத்த தகராறில், திரௌபதி அம்மன் கோயிலையே அதிகாரிகள் பூட்டி முத்திரை வைக்க நேர்ந்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற ஆணைப்படி பூசைக்காகத் திறக்க வேண்டியிருந்தது. எல்லோரும் வரலாம் என்பதைவிட யாரும் வர வேண்டாம் என்பது சிலருக்கு இனித்தது!

நம் வறண்ட சீமையிலும் பூட்டு எப்போதும் இரும்பில் வருவதில்லை. கிராமத்துப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். சில வீடுகளுக்கு மட்டும் வரிக்காரர் போகமாட்டார். "உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று பரிவோடு சொல்வார்கள். வரி வாங்கவில்லை என்றால் பங்கு இல்லை. பங்கு இல்லை என்றால் கூட்டத்தில் பேச்சு இல்லை. தேர் இழுக்க வடத்தில் கை வைக்கவும் உரிமை இல்லை. ஐந்நூறோ ஆயிரமோ வாங்க மறுத்து ஒரு மனிதனை ஊருக்கு வெளியே நிறுத்திவிடலாம். ரசீது இல்லாத தீண்டாமை இது. எந்த நீதிமன்றத்தில் காட்டுவான் அவன்?

இதற்கு மருந்து தத்துவ விசாரணையில் இல்லை. 1920-களின் இறுதியில் சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தார். ஆதித்திராவிடர்களைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் முதலாளிகளின் உரிமத்தை ரத்துச் செய்வேன் என்று உத்தரவு போட்டார். மதம் நல்லதா கெட்டதா என்று அவர் பட்டிமன்றம் நடத்தவில்லை. அதிகாரம் என்ற சாவி கையில் இருந்தது, திருப்பினார். கமுதியில் தள்ளப்பட்ட வகுப்பில் பிறந்த ஒருவர், தமக்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்காகத் திருப்பினார். "எங்களுக்குத் திற" என்ற 1897-ம் ஆண்டுக் குரல் "எல்லோருக்கும் திற" என்று வளர முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த வளர்ச்சியே இந்த மண்ணின் பெருமை.

ஆகவே பக்தர்களான அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மதம் செய்த நன்மைகளைப் பட்டியலிடுங்கள். நாமும் சேர்ந்து படிப்போம். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "எல்லா வீட்டிலும் வரி வாங்கினோமா? போன ஆண்டுக் கணக்கை எல்லோர் முன்னும் படித்தோமா?" என்று கேளுங்கள். மகமையைப் பள்ளியாக்கிய முன்னோர் கேட்ட கேள்வி அது. அதைக் கேட்பது தெய்வக் குற்றமாகாது.

பகுத்தறிவுத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதத்தைக் கண்டிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சுக்கிலநத்தம் அதைத் தந்திருக்கிறது. ஆனால் சாமி இல்லை என்று சொல்லிவிட்டதாலேயே சாதி இல்லாதவராகிவிட்டோம் என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் வீட்டுத் திருமண அழைப்பை எடுத்துப் பாருங்கள். அதில் ஐயர் பெயர் இல்லாதது நன்று. மணமகனும் மணமகளும் யார் யார் என்பதையும் பாருங்கள்.

அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. தகராறு என்றதும் கோயிலைப் பூட்டுவது சமாதானம் ஆகாது. தடுத்தவன் மேல் சட்டம் பாய வேண்டும். இருவரையும் வெளியே நிறுத்தினால் தடுத்தவனே வென்றவனாகிறான்.

நன்மைக்கும் தீமைக்கும் மதமே பொறுப்பு என்று முடிவு கட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நன்மை செய்யாதவன் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று ஒதுங்கலாம். தீமை செய்தவன் ஐதீகம் அப்படி என்று தப்பலாம். இருவரையும் தப்பவிடக் கூடாது. கதவைப் பூட்டியது மனிதக் கை; திறந்ததும் மனிதக் கை. உங்கள் ஊர்க் கோயிலில், உறவின்முறையில், பள்ளிவாசலில், தேவாலயத்தில், கட்சி மன்றத்திலும்கூட, இன்று சாவி யார் கையில் இருக்கிறது? கேளுங்கள்; விடாமல் கேளுங்கள்.